கவனக்குறைவு என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த முதியோர் நலக் கட்டுரையில், வயதானவர்கள் கவனக்குறைவாக நடந்து, விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது முதுமையில் இயல்பே என்று ஒரு வரி இருந்தது. நாள்தோறும் தங்கள் நாளிதழை என் தாயாருக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அந்த வரியைக் கேட்டதும் அவர், "நிஜந்தானேப்பா, நான்தான் பார்த்து நடந்திருக்கணும்" என்றார். அதன் பிறகு என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், தம் 76ஆம் வயதில், விடியற்காலை 3.30 மணிக்குக் குளியலறைக்குப் போனபோது அவர் விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வலக்கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அரிசியில் ஒரு கல்லைக்கூட விட்டுவைக்காதவரைக் கவனக்குறைவானவர் என்று எப்படி ஒப்புக்கொள்வேன்? அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வழுவழுப்பான ஓடு பதித்த ஈரச் சுவரில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. சொரசொரப்பான பழைய சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் ஓடு பதித்தவன் நான். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் பேரம் பேசிய எனக்கு ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தத் தோன்றவில்லை.

தந்தையார் மறைந்த பின் எழுதித் தந்த தூக்க மாத்திரையை அவர் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். இரத்த அழுத்த மாத்திரையின் அளவை அதற்கு முந்தைய மாதம்தான் கூட்டியிருந்தார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது வேறொன்று. அதற்கும் மூன்றாண்டுகளுக்கு முன் வாசற்படியில் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தபோது அவருடைய மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, பிரித்து, சரியாகிவிட்டது என்று அனுப்பிவைத்தார்கள். மாதவிடாய் நின்று பல்லாண்டுகள் ஆன ஒரு பெண்ணுக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிகிறது என்றால், அது உள்ளே எலும்பு மெலிந்திருப்பதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதையும், டெக்ஸா என்னும் வலியில்லாத எலும்புத் திண்மைப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும் என்பதையும், தடுக்க மருந்துகள் உண்டு என்பதையும் இடுப்பு முறிந்த பிறகுதான் அறுவை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எலும்புத் திண்மைக் குறைவுக்கு, இளம் வயதினரின் சராசரித் திண்மையோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் என்னும் அளவில் மைனஸ் 2.5 என்னும் வரம்பை உலக சுகாதார நிறுவனம் 1994லேயே வகுத்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல.

தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் மூட்டுவாதத்தையும் இந்த எலும்பு மெலிவையும் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. முன்னது மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது. பின்னது முறியும் நாள்வரை வலியே காட்டாதது. இந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் தாயார் பத்தாண்டுகளாக முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தேய்மானத்துக்கு வைத்தியம் நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். அந்தத் தைலத்தின் விளம்பரமும் தங்கள் பக்கங்களில்தான் வந்தது. இது குறித்து முன்பே ஒருமுறை எழுதினேன். பதில் இல்லை.

விழுந்த பின்பும் ஐந்தாம் நாள்தான் அறுவை சிகிச்சை நடந்தது. இதய மருத்துவர் வரவேண்டும், இரத்தம் கிடைக்கவேண்டும் என்று நாட்கள் போயின. அதற்குள் முதுகில் படுக்கைப்புண் கண்டுவிட்டது. சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை செய்துவிட வேண்டும் என்பது பிரிட்டனில் 2011 முதல் வழிகாட்டு நெறி. இந்த முறிவுக்கு ஆளாகும் முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. என் தாயார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வருகிறார். வாசலில் கோலம் போட்டு இரண்டாண்டுகள் ஆகின்றன.

இடுப்பு முறிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விழுவதால் நேர்பவையே. அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குள், நின்ற உயரத்திலிருந்து, பக்கவாட்டில் விழுந்து நேர்பவை. விழச்செய்வது ஈரத்தரை, இருட்டு, கண்புரை, மாத்திரை, தளர்ந்த தசை; முறியச்செய்வது மெலிந்த எலும்பு. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்னும்போது இயல்பு என்று எழுதுவது எங்களைப் போன்ற பிள்ளைகளையும் மருத்துவமனைகளையும் தப்பவிட்டு, விழுந்தவர் தலையில் பழியைப் போடுவதாகும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். மணிக்கட்டு முறிந்த முதியவருக்கு எலும்புத் திண்மைப் பரிசோதனை செய்யவேண்டும் என்பதையும், அந்த வரி தவறு என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். என் தாயாருக்கு நான் அதைப் படித்துக் காட்டவேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மன்னார்குடி.