தவறிப்போன கச்சேரிகளைப் பற்றிக் கதிருக்கு

அன்புத் தம்பி கதிருக்கு,

காய்ச்சலில் படுத்துவிட்டதால் கையில் டிக்கெட் இருந்தும் போக முடியாமற்போன கச்சேரியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இரவு தவறிப்போனதைவிட, அதன் பிறகு உனக்குக் கிடைத்த ஆறுதல்கள்தாம் உன்னை அதிகம் சோர்வடையச் செய்திருக்கின்றன என்று உன் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன். "போனால் போகிறது, மறுபடி வருவார்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள் போலும். உண்மையிலேயே வருவார்களா, அண்ணா, என்று நீ என்னைக் கேட்டிருக்கிறாய்.

விளையாட்டரங்குகளை நிரப்பும் பெரிய நட்சத்திரங்களைப் பற்றி இதைக் கேட்டிருந்தால் தயங்காமல் ஆமென்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் அவர்கள் வராமலிருப்பது பலருக்கு நஷ்டம். நீ விரும்பும், பெரிய இசை நிறுவனங்களைச் சாராத இண்டி ராக் குழுக்களின் நிலை வேறு. நான்கு பேர், ஒரு வேன், அதன் பின்பகுதியில் அடுக்கிய ஆம்ப்ளிஃபையர்களும் டிரம்ஸும், இரவுக்கு ஓர் ஊர் என்று வாரக்கணக்கில் ஓடுகிற பயணம் அது. டிக்கெட் பணத்தில் அரங்கத்துக்கும் ஏற்பாட்டாளருக்கும் ஒலிப் பொறியாளருக்கும் எரிபொருளுக்கும் தங்கும் அறைக்கும் கொடுத்ததுபோக எஞ்சுவதைத்தான் அவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பல இரவுகளில், வாசலருகே மேசை போட்டு விற்கிற டி-ஷர்ட்டும் இசைத்தட்டும்தான் கணக்கை நஷ்டமில்லாமல் முடித்துவைக்கின்றன. மறுமுறை அழைக்கலாமா என்று யோசிக்கும் ஏற்பாட்டாளர், சென்ற முறை எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அதற்குள் டிரம்ஸ் வாசிப்பவருக்கு நிலையான வேலை கிடைத்திருக்கலாம், பாடகருக்குக் குழந்தை பிறந்திருக்கலாம். குழு கலைவதற்குச் சண்டையே தேவையில்லை. அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்காமல் விட்டாலே போதும்.

ஃபுகாசி அப்படித்தான் நின்றது. 1987-இல் தொடங்கிய அந்தக் குழு 2002-இன் இறுதியில் லண்டனில் வாசித்தது. பிறகு காலவரையற்ற இடைவெளி என்றார்கள். கலைந்துவிட்டோம் என்று இன்றுவரை அவர்கள் சொல்லவில்லை, திரும்ப மேடையேறவும் இல்லை. பேவ்மெண்ட் குழுவின் விஷயத்தில் முடிவாவது கண்ணுக்குத் தெரிந்தது. 1999 நவம்பரில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் அதன் பாடகர் ஸ்டீஃபன் மால்க்மஸ் தன் மைக் கம்பத்தில் ஒரு கைவிலங்கைத் தொங்கவிட்டிருந்தார். இத்தனை ஆண்டுகள் ஒரு குழுவில் இருப்பது எப்படியிருக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று கூட்டத்திடம் சொல்லவும் செய்தார். அதன்பின் அவர்களை மேடையில் ஒன்றாகப் பார்க்க விரும்பியவர்கள் 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பதினெட்டு வயதில், பணமில்லாமலோ வீட்டில் அனுமதி கிடைக்காமலோ அந்தக் கச்சேரியைத் தவறவிட்ட ஒருவர், முப்பதை நெருங்கிய பிறகு அதே பாடல்களை நேரில் கேட்டிருப்பார். அவருக்குக் கிடைத்ததும் நல்ல கச்சேரிதான். கலைந்த குழுக்களின் மறுகூடல்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அவற்றில் வாசிப்பு பழையதைவிடத் தேர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அடுத்த பாடல் சரியாக வருமா என்று மேடையிலிருப்பவர்களுக்கே தெரியாத அந்தப் பழைய பதற்றம் மட்டும் திரும்பி வருவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்லிண்ட் குழு தனது இரண்டாவது ஆல்பம் 1991-இல் வெளிவருவதற்கு முன்பே கலைந்துவிட்டது. அப்படியானால், அந்த ஆல்பத்தைக் கேட்டு அந்தக் குழுவை விரும்பத் தொடங்கிய ஒவ்வொருவரும், 2005-இல் அவர்கள் மீண்டும் ஒன்றுகூடும்வரை, தவறவிட்டவர்களே. இதை உன்னிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறிய அரங்குகளில் வாசிக்கும் குழுக்களின் ரசிகர்களில், அவற்றை உரிய காலத்தில் நேரில் கேட்டவர்கள் எப்போதும் கைப்பிடி அளவினர்தான். "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்பவர்களின் குரல் ஓங்கி ஒலிப்பதால், இல்லாதவர்களின் எண்ணிக்கை மறைந்துபோகிறது. நீ சிறுபான்மையில் இல்லை.

நீ இல்லாமல் நடந்த கச்சேரியையும், யாருக்குமே நடக்காமல் போன கச்சேரியையும் நான் ஒன்றாக நினைப்பதில்லை. முதலாவதில் பொறாமைப்பட ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் பாடலில் தொடங்கினார்கள், பழைய பாடல் எதையாவது தூசி தட்டி எடுத்தார்களா என்று போனவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல வயிறெரியலாம்; அதிலும் ஒரு சுகம் இருக்கிறது. இரண்டாவதில் கேட்பதற்கு யாருமில்லை. சில்வர் ஜூஸ் குழுவின் டேவிட் பெர்மன் பல ஆண்டுகள் மேடையேறவே மறுத்தவர். 2006-இல்தான் முதன்முறையாகச் சுற்றுப்பயணம் போனார், 2009-இல் அதையும் நிறுத்திக்கொண்டார். 2019 ஜூலையில் பர்ப்பிள் மவுண்டன்ஸ் என்ற பெயரில் திரும்பி வந்து, பயண நாட்களையும் அறிவித்தார். முதல் கச்சேரிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஆகஸ்ட் 7 அன்று காலமானார். டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

எனக்கு அது லோ குழுவால் நேர்ந்தது. ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் கணவன் மனைவி; 1993-இல் மினசோட்டாவின் டுலூத் நகரில் தொடங்கினார்கள். பார்க்கர் நின்றுகொண்டே, மிகச் சில முரசுகளையும் சிம்பல் எனும் உலோகத் தட்டு ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பார். கூச்சல் மிகுந்த கிட்டார் இசை கோலோச்சிய அந்தக் காலத்தில், கூட்டம் சலசலத்தால் இவர்கள் ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைப்பார்களாம். அந்தப் பிடிவாதத்தை நேரில் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசைப்பட்டு, 2022 இலையுதிர் காலத்துக் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். பார்க்கரின் புற்றுநோய் சிகிச்சை காரணமாகக் கச்சேரிகள் ரத்தாயின. நவம்பர் 5 அன்று அவர் மறைந்தார். பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது ஏனோ எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த இரண்டு குரல்களும் ஒரே அறையில் ஒன்றின்மேல் ஒன்று படிவதைக் கேட்டவர்களைச் சந்தித்தால் இன்றும் விவரம் கேட்காமல் விடுவதில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உன்னுடையது முதல் வகை. குழு நலமாக இருக்கிறது, கச்சேரி நடந்திருக்கிறது, பாடல் பட்டியல்கூட உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. வயிறெரிந்துகொள், ஆனால் துக்கம் காக்காதே.

காய்ச்சல் வராமலிருந்தாலும் தனியாகப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் நான் உன்னோடு அதிகம் பேச வேண்டும். துணைக்கு ஆளில்லை என்பதற்காகக் கச்சேரியை விடுவது, காய்ச்சலால் விடுவதைவிட வருத்தம் தரக்கூடியது. பாடல்களை அறியாத நண்பரை அழைத்துப் போனால், உன் கண் பாதி நேரம் மேடையிலும் பாதி நேரம் அவர் முகத்திலுமாகவே இருக்கும். அவருக்குப் பிடிக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா, இந்த நீண்ட பாடல் எப்போது முடியும் என்று அவர்பொருட்டு நீ கவலைப்படத் தொடங்குவாய். தனியாக நிற்பவனுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. விளக்கணைந்த பிறகு நீ யாரோடு வந்தாய் என்று எவரும் கவனிப்பதில்லை.

யோ லா டெங்கோவை நான் கேட்டது அப்படித் தனியாகத்தான். 1984 முதல் வாசித்துவரும் அந்தக் குழு, பல பயணங்களில் வேறு குழு எதையும் முன்னால் வாசிக்க விடாமல், இரவை இரண்டாகப் பிரித்து முதற்பாதியை அடக்கமாகவும் இரண்டாம் பாதியை உரக்கவும் வாசிக்கும். முதற்பாதியில் ஜார்ஜியா ஹப்லி டிரம்ஸைத் தூரிகைக் குச்சிகளால் வருடியபடி, பேசுவதைவிட மெல்லிய குரலில் பாடினார். கூட்டம் மூச்சைக்கூட அளந்துதான் விட்டது. இரண்டாம் பாதியில் ஐரா கப்லன் கிட்டாரை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி ஃபீட்பேக் என்னும் ஊளையொலியை எழுப்பியபோது, ஜேம்ஸ் மெக்நியூவின் பேஸ் கிட்டார் மட்டும் நெடுநேரம் ஒரே தொடரைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொடர் இல்லையென்றால் மற்ற எல்லாம் சிதறிப்போயிருக்கும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. வீட்டில் ஒலியளவு நம் கையில் இருக்கிறது. பொறுக்க முடியாத இடத்தில் குறைத்துவிடுகிறோம், பொறுமையற்ற இடத்தில் தாண்டிவிடுகிறோம். கச்சேரியில் அந்த உரிமையைப் பறிகொடுத்துவிட்டு நிற்பதால்தான் பாடலின் உண்மையான நீளம் தெரிகிறது.

உரத்த ஒலி என்றதும் ஒரு குறுக்குப் பேச்சு. காதடைப்பான் இல்லாமல் போகாதே. மை பிளடி வாலண்டைன் குழு 2008-இல் திரும்பி வந்தபோது வாசலிலேயே காதடைப்பான்களைக் கொடுத்தார்கள், ஏனென்றால் கடைசிப் பாடலின் நடுவே அவர்கள் எழுப்பும் இரைச்சல் சில இரவுகளில் கால் மணி நேரத்தையும் தாண்டும். செவிப்புலன் ஒருமுறை போனால் மறுகூடல் கச்சேரி கிடையாது.

நிற்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடு. மேடையை ஒட்டி நின்றால் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸும் நேராக உன்னைத் தாக்கும், ஆனால் பாடகரின் குரலை ஏந்திவரும் ஸ்பீக்கர்கள் இரு பக்கங்களிலும் உயரத்தில் இருப்பதால் அது உன்னைத் தாண்டிப் பின்னால் போய்விடும். வரிகள் முக்கியமென்றால் ஒலிப் பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால் நில். அவர் தன் காதுக்கு எது சரியாக இருக்கிறதோ அதைத்தான் கலந்து தருகிறார். சீக்கிரமே போய்விடு. முதலில் வாசிக்கும் குழுவைப் பெரும்பாலும் அன்றைய முதன்மைக் குழுவே விரும்பி அழைத்திருக்கும். பத்துப் பதினைந்து பேர் முன்னால் வாசிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குப் பிற்பாடு மிகப் பிடித்துப்போன சில குழுக்கள் அறிமுகமாயின.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழு தன் விடைபெறும் கச்சேரியை 2011 ஏப்ரல் 2 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்துவதாக அறிவித்தபோது, டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்த வேகத்திலேயே மறுவிற்பனைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன. கோபமடைந்த குழுத் தலைவர் ஜேம்ஸ் மர்ஃபி, அதற்கு முந்தைய நாட்களில் வேறோர் அரங்கில் நான்கு கச்சேரிகளைச் சேர்த்தார். அந்தக் குழு 2016-இல் திரும்பி வந்ததும், விடைபெறும் இரவுக்காக அதிக விலை கொடுத்தவர்கள் முணுமுணுத்ததும் தனிக்கதை. விடைபெறுகிறோம் என்று ஒரு குழு சொன்னால் நான் இப்போதெல்லாம் அரைக்காதோடுதான் கேட்கிறேன். ஆனால் அரங்கமும் குழுவும் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்த இடங்களில் சில கடைசி நாளில் விற்பனைக்கு வருவதுண்டு. போக முடியாதவர்கள் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. கச்சேரி நாளன்று மாலையில் மீண்டும் ஒருமுறை பார்.

நீ கடைசியாகக் கேட்டிருந்தது, அன்றைய இரவை யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டிருக்கும் காணொளிகளைப் பார்க்கலாமா என்று. இப்போது வேண்டாம். ஆடும் படமும் உடைந்த பேஸ் ஒலியுமாக அவை உனக்குத் தருவது கச்சேரியை அல்ல, நீ அங்கே இல்லை என்ற செய்தியை மட்டுமே. சில மாதங்கள் கழித்து, ஒலிப்பதிவு மட்டும் யாரிடமாவது இருந்தால் அதைக் கேள். கண்ணுக்கு வேலையில்லாதபோது காது அந்த அறையைத் தானே கட்டிக்கொள்கிறது.

அதுவரைக்கும் ஃபுகாசி இருக்கிறது. பெரும்பாலும் 5 டாலர் கட்டணத்தில், எல்லா வயதினரையும் உள்ளே விட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்திய அவர்கள், அவற்றில் எண்ணூறுக்கும் மேலானவற்றைப் பதிவுசெய்து வைத்திருந்து, 2011 முதல் ஒவ்வொன்றாக இணையத்தில் வெளியிட்டு வருகிறார்கள். அந்தக் கச்சேரிகளுக்குப் போனவர்கள் தாங்கள் நின்ற இரவைத் தேடுவார்கள். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் எந்த ஆண்டிலும் எந்த ஊரிலும் நுழையலாம். பாடல்களுக்கு நடுவே வாசிப்பை நிறுத்திவிட்டு, முன்வரிசையில் முட்டி மோதுகிறவர்களைப் பாடகர் இயன் மெக்கே மிக மரியாதையாகக் கண்டிக்கும் இரவு ஒன்றிலிருந்து தொடங்கு. அப்படிப்பட்ட இரவைக் கண்டுபிடிக்க நீ அதிகம் தேட வேண்டியிருக்காது.

அன்புடன்,
அண்ணன்