காந்தம் ஒட்டுகிற கிளாம்ப்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் வாங்கிய ஹோஸ் கிளாம்பில், அதாவது ஹோஸைக் குழாயோடு சேர்த்து இறுக்குகிற பட்டையில், காந்தத்தை வைத்துக் காட்டும் வீடியோவை மன்னார்குடி வட்டாரத்தில் பார்க்காதவர்கள் இனி இருக்க மாட்டார்கள். காந்தம் திருகில் போய் ஒட்டுகிறது, "எஸ்எஸ்னு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சொல்லி இரும்பை விக்கிறான்" என்று பின்னால் குரல். எடுத்தவரைத் தெரியும், அவர் அப்பா காலத்திலிருந்து நமக்குப் பழக்கம், அதனால் பேர் சொல்லவில்லை. கடைக்கு வந்து கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

திருகு கிளாம்ப் பல தரத்தில் வருகிறது. டபிள்யூ1 என்றால் பட்டை, திருகு எல்லாமே முலாம் பூசிய இரும்பு. டபிள்யூ2-வில் பட்டை எஸ்எஸ், திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பு. டபிள்யூ4-ல் திருகு உட்பட முழுக்க எஸ்எஸ். வீடியோவில் இருப்பது டபிள்யூ2, பில்லிலும் 'பட்டை எஸ்எஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தத் திருகில் காந்தம் ஒட்டாவிட்டால்தான் ஆச்சரியம்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் நல்ல எஸ்எஸ் என்ற கணக்கே சரியில்லை. 430 என்று ஒரு எஸ்எஸ் உண்டு, காந்தம் அதில் கப்பென்று ஒட்டும். 304 என்ற எஸ்எஸ் ரகத்தைக்கூட வளைத்து அடித்துப் பட்டையாக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கலாம். 202 என்ற ரகத்தில் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் 304-ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தத்தை மட்டும் நம்பி வாங்கினால் 304 விலை கொடுத்து 202 வாங்கி வரவும் வாய்ப்பு உண்டு. சரி, விடுவோம்.

அதே ஆள் "கிளாம்ப் போட்டும் மோட்டார் தண்ணி இழுக்கல" என்றும் சொல்லியிருக்கிறார். அது தரப் பிரச்சினை இல்லை, வகைப் பிரச்சினை. மோட்டாருக்குத் தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கிற சக்ஷன் ஹோஸின் மேலே வரிவரியாக மேடு ஓடும். தட்டைப் பட்டை அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பள்ளம் வழியாகக் காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, அதனால் யாரும் கிளாம்பைச் சந்தேகப்படுவதில்லை, தண்ணீருக்குள் ஹோஸின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு வரியோடு சேர்ந்து பள்ளத்தில் படிகிற இரட்டைக் கம்பி கிளாம்ப்தான் வேண்டும். டீசல் இன்ஜின் அதிர்வில் சாதாரணத் திருகு தளரும், அங்கே அகலப் பட்டையும் நட்டும் வைத்த டி-போல்ட் கிளாம்ப் நிற்கும். தண்ணீரை வெளியே கொண்டுபோகிற மெல்லிய டெலிவரி ஹோஸுக்கு, பட்டையில் ஓட்டை ஓட்டையாக வெட்டியதைப் போடாதீர்கள், இறுக்க இறுக்க அந்த விளிம்பே ஹோஸை அறுத்துவிடும். கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நாற்றங்கால் காய்கிற அவசரத்துக்கு அது போதும்.

வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: உப்புத் தண்ணீரில் 304-லும் துருப் புள்ளி விழும். 316 ரக எஸ்எஸ் கேளுங்கள், முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்துத் தருகிறேன்.

கொள்முதல் விலை ஏறியதால் 304 கிளாம்ப் விலையையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், அதனால் பொருத்தும் வேலை இனி காலையில் மட்டும், அதற்கு 30 ரூபாய்.

2018 நவம்பரில் கஜா புயல் கடைக் கூரையைப் பிய்த்துப் போட்டபோது, உங்கள் வீட்டு ஓடும் பறந்து கிடக்க, நனைந்த சாமானை எடுத்து வைக்க வந்தவர்கள் நீங்கள். இப்போதும் அந்த வீடியோவுக்குக் கீழேயே நமக்காகப் பதில் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் படித்தேன், ரொம்ப நன்றி.

அப்புறம், ஃபோனில் "மூணு இன்ச் கிளாம்ப்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூணு இன்ச் என்பது ஹோஸின் உள்ளளவு, கிளாம்புக்கு வேண்டியது வெளியளவு. ஹோஸைக் குழாயில் ஏற்றியபின் மேலே ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் கிடைக்கும். கணக்கு வேண்டாம் என்றால் அந்த நூலையே எடுத்து வாருங்கள், கடையில் அளந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்