சத்துமாவோடு பேச்சும் போய்ச் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“தாத்தன் மக்கு, அப்பன் மக்கு, இவன் மட்டும் எப்படி இருப்பான்?” இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இப்படிச் சொல்கிறவர்களை, என் 28 ஆண்டு அங்கன்வாடிப் பணியில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறும்.

எங்கள் மையத்துக்கு வந்த ஓர் அக்காளும் தம்பியும் நினைவுக்கு வருகிறார்கள். அக்காளை வளர்த்தது அப்பாயி. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போதும் அவளை விடமாட்டார். “இது கல்லா, நெல்லா? சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று வயதில் அந்தப் பெண் மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். தம்பி பிறந்த ஆண்டு அப்பாயி காலமாகிவிட்டார். தாய் விடியற்காலையிலேயே நடவுக்குப் போய்விடுவார். பையன் தூளியிலும், பிறகு செல்போன் முன்னாலும் வளர்ந்தான். மூன்று வயதில் தண்ணீர்க் குடத்தைக் கைகாட்டித்தான் கேட்டான். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூலிக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

உடன்பிறந்தவர்களுக்குள்ளும் பிறவியிலேயே வேறுபாடு உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஜமைக்காவில் விடை இருக்கிறது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு குழுவின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, கையால் செய்த பொம்மைகளை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. பால்மாவின் பலன் அவ்வளவு காலம் நிற்கவில்லை. குலுக்கலில் பிரித்த பிள்ளைகள் என்பதால், இதைப் பரம்பரையின் கணக்கில் எழுத முடியாது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. விதை நல்லதாக இருந்தாலும் நாற்றங்காலில் தண்ணீர் வேண்டும் என்பது எங்கள் தஞ்சைப் பக்கம் யாருக்கும் தெரியும்.

நம் மையங்களில் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு எடை பார்க்கிறோம், சத்துமாவு கொடுத்தனுப்புகிறோம். வீட்டுக்குப் போனாலும் விவரம் கேட்டுப் பதிவு செய்வதிலேயே நேரம் போய்விடுகிறது. பாயில் உட்கார்ந்து பிள்ளையோடு அரை மணி நேரம் விளையாட எந்தப் பணியாளருக்கு ஓய்வு இருக்கிறது? இந்த ஒரு வேலைக்கென்று, ஓய்வுபெற்ற பணியாளர்களைச் சிறு மதிப்பூதியத்தில் அரசு அழைக்கலாம். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பேச்சில்லாமல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அழைத்தால் நாளைக்கே போக நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.