கோரிக்கை மனு: ஆகாயத்தாமரையை அள்ளி உள்கரையில் குவிக்க வேண்டாம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

அனுப்புநர்: கண்மாய்ப் பாசன விவசாயிகள், மேலூர் வட்டம் (ஊர், புல எண், வரைபடம் இணைப்பில்).

ஐயா,

வணக்கம். எங்கள் கண்மாயில் மறுபடி ஆகாயத்தாமரை அள்ளப்போவதாகக் கேள்விப்பட்டோம், சந்தோஷம். ஆனால் போன தடவை பொக்லைன் வைத்து அள்ளி உள்கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை வந்ததும் அழுகினது மொத்தமும் கரைந்து தண்ணீருக்குள்ளேயே இறங்கி, தை பிறப்பதற்குள் மடை தெரியாத அளவுக்குத் திரும்பப் படர்ந்துவிட்டது. இந்தத் தடவையும் அதே எஸ்டிமேட் என்றால் வேலையே வேண்டாம், பணமாவது மிச்சம்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்றால், கண்மாய் பிழைப்பது இரண்டு விஷயத்தில். ஒன்று ஆற்றல். அது வெயிலில் இருந்து வருகிறது. தண்ணீரில் மிதக்கும் பாசி அந்த வெயிலைப் பிடித்து உணவாக்க, அதைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகள் தின்ன, அவற்றைக் கெண்டைக் குஞ்சு தின்ன, கெண்டையை விரால் தின்ன, விராலை நீர்க்காகமோ நாமோ தின்ன, இப்படிக் கை மாறும்போதெல்லாம் பெரும்பகுதி மூச்சு விடவும் ஓடியாடவும் செலவழிந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த வாய்க்குப் போகிறது. லிண்டமன் என்கிற அமெரிக்கர் 1942-லேயே ஒரு சின்ன ஏரியை வைத்து இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார். அதன்படி பார்த்தால் ஒரு கிலோ விரால் வளர அடியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோ பாசி விளைந்திருக்க வேண்டும். செலவான ஆற்றல் திரும்பாது, தினமும் புது வெயில் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும்.

இன்னொன்று தழைச்சத்து, மணிச்சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ்). இது ஆற்றல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. செத்த இலை, தழை எல்லாவற்றையும் பாக்டீரியாவும் பூஞ்சையும் மக்கவைத்துத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் கரையில் குவித்தது, அடுத்த செடிக்கு நாமே போட்ட உரமாகிவிட்டது.

ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டால் பாசிக்கு வெயில் கிடையாது. அந்தச் செடி விடுகிற ஆக்சிஜனும் இலை வழியாக மேலே காற்றுக்குத்தான் போகிறது. கீழே அழுகுவதோ இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது. சந்தேகம் என்றால் அதிகாரிகள் யாராவது விடிகாலையில் மடைப் பக்கம் வந்து பார்க்கட்டும், கெண்டை எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். விரால் தலையை நீட்டிக் காற்றைக் குடித்துத் தப்பிக்கும், ஆனால் தின்னக் கெண்டைக் குஞ்சு இல்லாவிட்டால் அது மட்டும் எத்தனை நாளைக்கு? மீன் குத்தகைக்காரர் புலம்பலைத் தனியாக எழுதவில்லை.

ஆகவே அள்ளியதைக் கண்மாய்க்கு வெளியே, மழைத்தண்ணீர் திரும்பி உள்ளே வராத மேட்டில் போட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள். பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்தால் டிராக்டர் நடையும் குறையும். காய்ந்ததை நாங்களே சாணத்தோடு மக்கவைத்து வயலுக்கு எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் வரத்துக்கால்வாயில் வந்து விழும் சாக்கடை. உண்மையில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், செடிக்குத் தீனியே அதுதான், அதை மறிக்காமல் என்ன அள்ளினாலும் வீண். செலவு குறைவு என்று களைக்கொல்லி அடிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், மொத்தச் செடியும் ஒரே நேரத்தில் செத்து அடியில் அழுகினால் மிச்சமிருக்கும் மீனும் போய்விடும். விதை சேற்றுக்குள் பல வருஷம் கிடக்கும் என்பதால் ஒரு தடவை அள்ளிவிட்டு விட்டுவிடவும் முடியாது, முளைப்பதை அவ்வப்போது கையால் பிடுங்க நூறு நாள் வேலை ஆட்களை விடலாம். சுத்தம் செய்கிற சாக்கில் கொக்கும் நாரையும் அடையும் நாட்டுக்கருவேல மரங்களை வெட்டிவிடக் கூடாது, வெட்டுவதென்றால் சீமைக்கருவேலம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

எங்கள் வட்டத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அரசு அறிவித்தது. அந்த மாதிரிப் பட்டமெல்லாம் நாங்கள் கேட்கவில்லை, நடைபாதையும் படகும் கேட்கவில்லை. திருத்திய எஸ்டிமேட்டின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். தொடங்கும் தேதியைச் சொன்னால், எந்த மேட்டில் கொட்டலாம் என்று நாங்களே வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆயக்கட்டுக்காரர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)