அடிஷனல் ஷீட்

கும்பகோணம்

அன்புள்ள செல்விக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று அம்மா சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

என் சின்னவள் இப்போது பத்தாவது. போன வாரம் கணக்குத் தாளோடு வந்தாள். 96. என் வாயில் வந்த முதல் கேள்வி, “அவள் எத்தனை?” என் அம்மா உன்னை வைத்துக் கேட்ட அதே கேள்வி! “97. அடுத்த பரீட்சையில் பாரும்மா” என்றாள் சின்னவள். முகத்தில் வாட்டமே இல்லை. அந்தப் பெண் அடுத்த தெருதான். சாயங்காலமானால் இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

அன்றிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. பரீட்சை ஹாலில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, “மிஸ், அடிஷனல் ஷீட்!” என்று எழுந்து நிற்பாயே, அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கும். கை தானாக வேகம் பிடிக்கும். கடைசியில் நூல் கட்டும்போது உன் தாளின் தடிமனை ஓரக்கண்ணால் பார்ப்பேன். நீயும் பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

அந்த அரையாண்டு அறிவியல் தாள் நினைவிருக்கிறதா? உனக்கு 93, எனக்கு 92. என் தாளைப் பிடுங்கிக்கொண்டுபோய், பென்சிலால் பக்கம் பக்கமாகக் கூட்டினாய். கடைசிப் பக்கத்து இரண்டு மார்க் விட்டுப்போயிருந்தது. “போ, மிஸ்ஸிடம் காட்டு” என்று நீயே என்னைத் தள்ளிவிட்டாய். அதற்கப்புறம் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை! அந்த இரண்டு மார்க்கைப் பற்றி என் பெண்ணிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் செல்வி.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் நம் அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. முகம் தெரியாத லட்சம் பிள்ளைகளோடு ஒரு குழந்தையை நிறுத்திப் பார்ப்பது கொடுமை. நமக்குள் இருந்தது வேறு. நீ எங்கே தடுமாறுவாய் என்று எனக்குத் தெரியும், நான் எங்கே அவசரப்படுவேன் என்று உனக்குத் தெரியும். நீ இல்லாமல் நான் கணக்கை இவ்வளவு ஆசையாகப் படித்திருக்க மாட்டேன். இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு சேதி. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீட்டுக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போனேன். ராமானுஜனைப் பார்க்க இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729 என்ற கதையைச் சொன்னேன். 12-இன் கனமும் 1-இன் கனமும் கூட்டினாலும் அதுதான், 10-இன் கனமும் 9-இன் கனமும் கூட்டினாலும் அதுதான். இப்படி இரண்டு வழியில் வரும் எண்களில் அதுவே சிறியது. உடனே இரண்டு பேருக்கும் போட்டி, அடுத்த எண் எது என்று. திண்ணை முழுக்கச் சாக்பீஸ். 4104-ஐ முதலில் பிடித்தது அடுத்த தெருப் பெண்தான். 16, 2 கனங்களைக் கூட்டினாலும் அதுதான், 15, 9 கனங்களைக் கூட்டினாலும் அதுதான். மூன்றாவது எண்ணை அன்று ராத்திரியே என் பெண் பிடித்துவிட்டாள். நானும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது உன் முறை. கால்குலேட்டரைத் தொடாதே, உன் பையனிடமும் கேட்காதே. பதில் கடிதத்தில் வழிமுறையையும் எழுது. ஸ்டெப் இல்லாவிட்டால் மார்க் கிடையாது.

அன்புடன்,
உன் மீனா