தாங்குசுவர் வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர்களுக்கு

வணக்கம். மண் சரியாமல் தாங்கி நிற்கும் தாங்குசுவரை வடிவமைக்கும், அதற்கு ஒப்புதல் கொடுக்கும் பொறியாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சறுக்கலுக்கான பாதுகாப்புக் காரணி, அதாவது சுவர் நகராமல் தடுக்கும் விசையை அதைத் தள்ளும் விசையால் வகுத்தால் வரும் எண், 1.5 வரவில்லை என்றதும் உடனே சுவரைத் தடிமனாக்கிவிடுகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். செலவு ஏறுகிற அளவுக்குப் பலன் ஏறுவதில்லை.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். 4 மீட்டர் உயரச் சுவர், பின்னால் கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையும் 30 டிகிரி உராய்வுக் கோணமும் (மணல் சறுக்காமல் நிற்கும் திறனின் அளவு) உள்ள மணல், மேலே வேறு பாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளச் சுவரை அந்த மண் 48 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். அதே மணலில் மேல்மட்டம் வரை தண்ணீர் கோத்து நின்றால் அது 107ஐ நெருங்கிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல்! அதாவது 1.5 என்று கணக்குக் காட்டிய சுவர் ஒரே மழையில் 1க்குக் கீழே இறங்கிவிடும், அடியிலிருந்து நீர் மேலே தூக்குவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தண்ணீர் வெளியேறச் சுவரில் வீப் ஹோல் என்னும் ஓட்டை வைத்தாயிற்றே என்பீர்கள். அதன் பின்னால் ஜல்லியும் வடிகட்டித் துணியும் இல்லாமல் தோண்டிய களிமண்ணையே கொட்டி மூடினால் அந்த ஓட்டை எத்தனை நாளைக்கு?

வடிகால் சரியாக இருந்தும் காரணி போதவில்லையா, ஹீலை, அதாவது அடித்தளத்தில் பின்னால் மண் பக்கம் நீளும் பகுதியை, நீட்டுங்கள். அதன்மேல் நிற்கும் மண்ணே எடையாகும், காசு கொடுக்காமல் கிடைக்கும் எடை.

அப்புறம் ஷியர் கீ, அதாவது சுவர் சறுக்காமல் இருக்க அடித்தளத்துக்குக் கீழே மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் பட்டை. வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சைட்டில் குழியை அகலமாகத் தோண்டி, பலகை அடித்து வார்த்துவிட்டு, பக்கத்து இடைவெளியில் தளர்ந்த மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். அந்தக் கீ எதன்மேல் முட்டி நிற்கும்? கலையாத மண்ணை ஒட்டியே வார்க்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். சுவருக்கு முன்னால் இருக்கும் மேல்மண்ணின் எதிர்ப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நாளைக்கே யாராவது குழாய் பதிக்க அதைத் தோண்டுவார்கள், உங்களிடம் கேட்டுவிட்டா தோண்டப்போகிறார்கள்?

கடைசியாக, அடிமட்டம். கணக்கில் நீங்கள் போடும் உராய்வு, சொரசொரப்பான உறுதியான மண்மேல் கான்கிரீட் உட்காரும்போது கிடைப்பது. சேற்றின் மேலோ பாலித்தீன் ஷீட்டின் மேலோ வார்த்தால் அது கிடைக்காது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து குழியைப் பாருங்கள், சேறு இருந்தால் வழித்தெடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் அனுமதி கொடுங்கள்.