டிரிப்ஸ் ஏற்றும் முன்: கொங்குப் பகுதி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் வேலை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பெரும்பாலும் ஈட்டிங் டிசார்டர் என்கிற உணவுக் கோளாறு உள்ளவர்களைத்தான் பார்க்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் முதலில் உங்களில் ஒருவரிடம் வந்து போனவர்கள். ஃபைலைப் புரட்டினால் தெரியும்: கேஸ் டிரபிளுக்கு மாத்திரை, பசி எடுக்க சிரப், மாதவிலக்கு நின்றதற்கு ஹார்மோன் மாத்திரை, மயங்கி விழுந்த அன்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ். எண்டோஸ்கோப்பி நார்மல், தைராய்டு நார்மல். எடை மட்டும் ஒவ்வொரு சீட்டிலும் இறங்கிக்கொண்டே வந்திருக்கும். அந்தச் சீட்டுகள் மொத்தமாக என் மேஜைக்கு வருவதற்குள் பல மாதங்கள், சில நேரம் வருடங்கள் போய்விடுகின்றன. அந்தக் காலத்தைக் குறைக்க உங்களால் முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

"குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லும் பெண் நம் ஊரில் குறைவு. "பசிக்கல", "சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குது", "இன்னைக்கு விரதம்" என்றுதான் சொல்வாள். "புள்ள ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குதுங்க" என்று கூட வந்த அம்மா அழுவார். சிரப் எழுதத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பசி இருக்கிறது. அந்தப் பசியோடுதான் அவள் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறாள்.

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு அளவு பிடிபடவில்லை. ராத்திரியெல்லாம் சமையல் வீடியோ பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் வடை சுட்டுப் போட்டுவிட்டு, தான் மட்டும் ஒன்றைக்கூடத் தொடாத பெண்ணை அப்பா "திமிர்" என்று சொல்லும்போது, அது பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் பல வாரம் பேசிப் புரியவைப்பது உங்கள் வாயிலிருந்து வந்தால் ஒரே நாளில் எடுபடும்.

இப்போது டிரிப்ஸ். மயக்கம் என்று வந்தால் குளுக்கோஸ் ஏற்றுவது இங்கே வழக்கம், குடும்பமும் அதைத்தான் கேட்கும். ஆனால் பல வாரம் சரியாகச் சாப்பிடாத உடலில் திடீரென்று குளுக்கோஸ் போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று நீங்கள் படித்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பட்டினியிலிருந்து மீண்ட கைதிகள் சிலர் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்தார்கள். சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தயமின் (வைட்டமின் பி1) சேர்த்துக் கொடுங்கள், பாஸ்பேட் பாருங்கள், அன்றே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வளரும் வயதுப் பிள்ளைக்குப் பகலில், விழித்திருக்கும்போதே நாடி 50-க்குக் கீழே இருந்தால் அது அட்மிஷன் கேஸ். "ஸ்போர்ட்ஸ் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட வேண்டாம்.

எடை சரியாக இருப்பவர்களை இன்னும் எளிதாகத் தவறவிடுகிறோம். வாரி வாரித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவை 1979இல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தார். விரலைத் தொண்டைக்குள் விடுவதால் விரல் முட்டிகளில் காய்ப்பு விழும், பல் எனாமல் கரையும், கன்னத்தில் சுரப்பி வீங்கும். எல்லோரிடமும் இந்த அடையாளங்கள் இருக்காது. பொட்டாசியம் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அதுதான் எனக்குப் பெரிய பயம். ஜிம்முக்குப் போகும் பையன்களிடமும் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மகப்பேறு மருத்துவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எடை குறைந்து மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு மாத்திரையால் ரத்தப்போக்கு வரவழைத்தால், வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உடல் அடித்த ஒரே மணியும் நின்றுபோகிறது. அதேபோல் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லி "பத்து கிலோ குறைச்சுட்டு வாம்மா" என்று அனுப்பும் முன், அவள் ஏற்கெனவே எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். பல பெண்களுக்கு எல்லாம் தொடங்கிய நாள் அதுதான். மறுமுறை வரும்போது "சூப்பர், நல்லா இளைச்சிட்டியே" என்ற பாராட்டும் வேண்டாம்.

நேரமில்லை என்பது தெரியும். உணவுக் கோளாறு இருக்கலாமா என்று சட்டெனப் பார்க்க, 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஸ்காஃப் கேள்விகள் ஐந்தே ஐந்து: வயிறு நிரம்பினால் சங்கடப்பட்டு நீயே வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கையை மீறிப்போனதாகக் கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தாயா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் நீ குண்டு என்று நினைக்கிறாயா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ஆமாம் வந்தாலே மேலே விசாரிக்க வேண்டும். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

சீக்கிரம் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்ப சிகிச்சை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 1987இல் வெளியான அதன் ஆய்வில், சின்ன வயதில் நோய் தொடங்கி மூன்று வருடத்துக்குள் வந்தவர்களுக்குத்தான் அது நன்றாக உதவியது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில், குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி எடை இறங்கும் அனோரெக்ஸியாவும் ஒன்று. அந்த இறப்புகளில் சுமார் ஐந்தில் ஒன்று தற்கொலை.

நான் மருந்து எழுத முடியாது, இதயத்துடிப்பைக் கண்காணிக்க முடியாது. அதனால் என்னைப் போன்ற ஒருவரிடம் அனுப்பிய பிறகும் அந்தப் பிள்ளையை நீங்கள் விட்டுவிடாதீர்கள். சீட்டில் எடை, நாடி, படுத்தும் நின்றும் எடுத்த பிபி, பொட்டாசியம், கடைசி மாதவிலக்குத் தேதி இவற்றை எழுதி அனுப்புங்கள்; அடுத்து உங்களிடம் எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம். செலவுக்குப் பயப்படும் குடும்பத்திடம், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் வேறுபாடு கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதையும் தெரிவியுங்கள்.

உங்கள் ஊரில் நாலைந்து மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சாயங்காலம் கூப்பிட்டால் நான் வந்து பேசத் தயார். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்